டிமெல்லோஸ் சாலையின் இரண்டு ஞாபகங்கள்

டிமெல்லோஸ் சாலைக்கு வழி சொல்ல வேண்டுமானால் ஓட்டேரி நல்லாவிலிருந்து தொடங்குவதுதான் சரி. வடசென்னையில் தெருக்களுக்கு உருவம் கொடுத்தவை கோயிலின் மாடவீதிகள் அல்ல, கால்வாய்களும் தண்டவாளங்களும்தான். மேற்கிலிருந்து வரும் நல்லா ஓட்டேரியையும் புளியந்தோப்பையும் உரசிக்கொண்டு போய், பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அந்த நீரோட்டத்தைச் சுற்றி சூளை, பட்டாளம், தாசமக்கான், கன்னிகாபுரம் என்று ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும் பேட்டைகள். அவற்றின் நடுவே நூறாண்டுக்கு மேல் ஒரு நீண்ட மதில் இருந்தது. மதிலுக்குள் பக்கிங்காம் மில், கர்னாடிக் மில் என்று இரண்டு பஞ்சாலைகள். 1920-ல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்தபின் ஆவணங்களில் ‘பி அண்ட் சி’ என்று எழுதினார்கள். தெருவில் அது எப்போதும் பின்னி மில்லு.

தொழிலாளர் வாழ்ந்த தெருவைப் பற்றிச் சிறப்பு மலருக்கு எழுதும்போது, எல்லாரும் ஒன்றாக உழைத்தார்கள், ஒன்றாகப் போராடினார்கள், பொங்கலும் ரம்ஜானும் ஒன்றாகக் கொண்டாடினார்கள் என்று எழுதி முடித்துவிடுவது சுலபம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் இந்தச் சாலைக்கு அது பாதிக் கதைதான். இந்த வட்டாரத்தில் 1918-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு, 1921-ஐ நினைவில் வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டும் மூன்றாண்டு இடைவெளியில், ஒரே மதிலைச் சுற்றி, பெரும்பாலும் அதே மனிதர்களுக்கு நடந்தவை. முன்னதற்கு மேடையும் மாலையும் கிடைத்தன. பின்னதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் படித்தால்தான் சாலையின் வரலாறு பிடிபடும் என்பது என் எண்ணம்.

பக்கிங்காம் மில் 1876-ல் தொடங்கியது, கர்னாடிக் 1881-ல். நிர்வாகம் பின்னி கம்பெனி. மில்லுக்கு வாய்த்த பெயர் அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனுடையது. 1876 முதல் 1878 வரை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில், நிவாரண வேலையாகப் பசித்த ஆட்களைக் கொண்டு வெட்டிய கால்வாய்க்கும் அவர் பெயரையே வைத்தார்கள். மில்லும் கால்வாயும் ஒரே பெயரில், ஒரே பஞ்ச காலத்தில் எழுந்தது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. செங்கல்பட்டு, வடஆற்காடு மாவட்டங்களிலும் தெலுங்குச் சீமையிலும் நிலம் பொய்த்துப்போய்ப் பட்டணம் வந்தவர்களுக்கு, வெயிலில் மண்வெட்டி பிடிப்பதற்கும் நிழலில் தறியருகே நிற்பதற்கும் இடையே தேர்ந்துகொள்ள ஒரு வாய்ப்பு அங்கே திறந்தது. சேரியிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள், சாதி இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே வாயில் வழியாக உள்ளே போனார்கள். வெளியே வந்ததும் அவரவர் பேட்டைக்குப் பிரிந்தார்கள். நூற்பு, நெசவு, சாயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் நடந்த ஆலை இது. காக்கித் துணிக்குப் பேர்போனது. முதல் உலகப் போரில் சிப்பாய்களின் உடுப்புக்குத் துணி கேட்டு ஆர்டர் குவிந்தபோது தறிகள் ஓய்வில்லாமல் ஓடின. பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறை போட்டுத் தேய்த்த சீருடைத் துணியிலும் இந்தத் தெருவின் வியர்வை உண்டு.

மில்லின் நேரம்தான் தெருவின் நேரம். சங்கு பிடித்தால் அடுப்பு பற்றவைக்க வேண்டும். அடுத்த சங்குக்குள் ஆள் வாயிலில் நிற்க வேண்டும். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு இதுவே கடிகாரம். எத்தனை மணிக்குச் சங்கு பிடித்தது என்பது சட்டப் புத்தகத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே வந்தது. 1911-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணி என்று வரையறுத்தது. அதற்கு முன் வளர்ந்த ஆணுக்கு அப்படி ஒரு வரையறையே கிடையாது. 1922 திருத்தத்தில் அது 11 மணி ஆயிற்று, வாரத்துக்கு 60. 1934-ல் 10. சுதந்திரத்துக்குப் பின் 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி. சட்டம் இப்படி ஒவ்வொரு மணியாகக் குறைத்தபோது, தெருவில் மாலை வெளிச்சம் ஒவ்வொரு மணியாகக் கூடியது. அப்பாவைப் பகலில் பார்த்த நினைவு எந்தத் தலைமுறைக்கு உண்டு, எந்தத் தலைமுறைக்கு இல்லை என்று கேட்டுப் பார்த்தால், அந்தச் சட்டங்களின் வரிசை வீட்டுப் பேச்சிலேயே கிடைக்கும். வடசென்னையில் கால்பந்தும் குத்துச்சண்டையும் கேரமும் நாடகமும் செழித்ததை ரத்தத்தில் ஊறியது என்று எழுதுகிறவர்கள், சங்கு சீக்கிரம் பிடிக்கத் தொடங்கியதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் 1918-ல் தகராறு மாலை நேரத்தைப் பற்றியது அல்ல, மதியத்தைப் பற்றியது. சாப்பாட்டுக்கு விட்டது அரை மணி. ஆயிரக்கணக்கான ஆட்கள் தறியை விட்டு நகர்ந்து, வாயிலில் நெருக்கியடித்து வெளியே வந்து, வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்த பெண்ணைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து, கை கழுவி, தின்று, திரும்ப வேண்டும். தாமதமானால் கூலியில் பிடித்தம். மில்லின் கதையில் பெண்கள் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு முதல் பதில் இந்த வாயில்தான். தூக்குச்சட்டியும் கூடையுமாக வெயிலில் காத்து நின்ற மனைவியர், தாய்மார், பாட்டிமார் யாரும் சம்பளப் பட்டியலில் இல்லை. அவர்கள் ஒரு நாள் வராமல் போனால் தறி ஓடாது. தொழிற்சங்க வரலாற்றின் முதல் கோரிக்கையே சோறு தின்ன இன்னும் சில நிமிடம் வேண்டும் என்பதுதான். கூலி உயர்வெல்லாம் பின்னால் வந்தது.

இந்த மனக்குறைக்கு முதலில் காது கொடுத்தவர்கள் தலைவர்கள் இல்லை, கடைக்காரர்கள். மில்லை ஒட்டித் துணிக்கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமாநுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் சமயச் சொற்பொழிவுகள் நடத்திவந்தார்கள். வேலை முடிந்து வரும் தொழிலாளிகள் அங்கே வந்து உட்காருவார்கள். திருமாலின் குணங்களைக் கேட்க வந்தவர்கள் மேஸ்திரியின் குணங்களையும் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். கடன் சொல்லித் துணி வாங்குகிறவனின் வீட்டு நிலைமை கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. எந்த மாதம் பிடித்தம் அதிகம், யாரை அடித்தார்கள், யாரை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் கணக்கு நோட்டில் பாக்கியாக வந்து விழும். இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் வேர்களில் ஒன்று பஜனை சபையிலும் கடன் நோட்டிலும் இருக்கிறது. கோட்பாட்டு நூல்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

செல்வபதி செட்டியாரும் நாயுடுவும் அன்னி பெசண்ட் அம்மையாரின் ‘நியூ இந்தியா’ அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர், ஹோம்ரூல் இயக்கத்துக்காக 1917-ல் பெசண்டுடன் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் தெரியாது. சபைக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த திரு.வி. கலியாணசுந்தரனார் அப்போது ‘தேசபக்தன்’ ஆசிரியர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், செல்வபதியும் இராமாநுஜலுவும் செயலாளர்கள். போர்க்காலத்தில் அரிசி விலை ஏறிக் கிடந்த வருடம் அது. செப்டம்பரில் சென்னையில் அரிசிக் கடைகளே சூறையாடப்பட்டன. வாடியாவின் ஆங்கிலப் பேச்சைத் தமிழில் கேட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் மண்தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் மொழியின் வசியம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பேச்சுகள் 1921-ல் ஆங்கிலத்தில் நூலாகவும் வந்தன.

இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று இந்தத் தெரு பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. பம்பாயில் 1890-லேயே லோகாண்டே ஆலைத் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்தார். அதற்கு உறுப்பினர் பட்டியலோ சந்தாவோ கிடையாது. அதனால், முறையான உறுப்பினர், சந்தா, கணக்கு என்று நடந்த முன்னோடிச் சங்கங்களில் ஒன்று என்று திருத்திச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ‘முதல்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்கப் பட்டாளத்தில் எவருக்கும் மனம் வராது, எனக்கும் அவர்களோடு மல்லுக்கு நிற்க மனம் வரவில்லை.

அடுத்த இரண்டாண்டு கதவடைப்பும் வேலைநிறுத்தமுமாகப் போயிற்று. 1920-ல் பக்கிங்காம் மில் கதவடைப்பின்போது, டிசம்பரில், போலீஸ் சுட்டதில் பாபுராவ், முருகன் என்ற இருவர் இறந்தனர். நிர்வாகம் வீதியோடு நிற்கவில்லை, உயர் நீதிமன்றத்துக்கும் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டுகிறார் என்று வாடியா மேல் வழக்குப் போட்டு, தடையாணையும் பெற்றது. பெருந்தொகை நஷ்டஈடாகக் கேட்டது. சங்கம் வைப்பதே சட்டப்படி சதி என்று ஆகிவிடும் நிலை. 1921 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டு வாடியா சங்கத்திலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் இங்கிலாந்துத் தொழிற்சங்கங்கள் வரை எதிரொலித்த இந்த வழக்குதான் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரலுக்கு உரம் போட்டது. என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் 1921-ல் தீர்மானம் கொண்டுவந்தார், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. இன்றைக்கு நாட்டில் எந்த மூலையில் ஒரு சங்கம் பதிவானாலும் அது இந்தச் சட்டவழிக்குக் கொஞ்சம் கடன்பட்டது. பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் பேருந்துக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. அங்கே ஒரு பலகைகூட வைக்காமல் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதுவரை சொன்னது மேடைக் கதை. இனி மற்றது.

1921 கோடையில் கர்னாடிக் மில்லில் தொடங்கிய தகராறு ஜூனில் இரண்டு ஆலைகளையும் நிறுத்திய வேலைநிறுத்தமாக முற்றியது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஏறக்குறைய முழுவதுமாக வெளியேறினர். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். இவ்வளவுதான் சம்பவம். ஏன் போனார்கள் என்பதில்தான் தெரு இரண்டாகிறது.

கருங்காலிகள் என்று ஒரு பக்கம் சொல்லிற்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முந்தைய ஆறேழு மாதத்துக்குள் ஒரு நீண்ட கதவடைப்பில் எல்லாரும் பட்டினி கிடந்திருந்தார்கள். அந்தப் பட்டினி எல்லா வீட்டிலும் ஒரே அளவாக இருந்திருக்க முடியாது. ஊரில் காணி வைத்திருந்தவன் கொஞ்ச நாள் ஊருக்குப் போய் வரலாம். கடை வைத்திருக்கும் உறவினன் இருந்தால் கைமாற்று கிடைக்கும். சேரிக்காரனுக்கு ஊரில் நிலமும் இல்லை, தெருவில் கடன் தரும் உறவும் இல்லை. அவன் குடிசை இருந்த மனைகூட அவனுடையது இல்லை. ஊரில் தீண்டத்தகாதவன் என்று தள்ளிவைத்தவனுக்கு மில்லில் ஒரே தறி, ஒரே கூலி என்பது சாதாரண விஷயமா? அந்த வேலையை, தன்னை ஒரே திண்ணையில் உட்காரவிடாதவர்கள் அழைத்தார்கள் என்பதற்காக இழக்க வேண்டுமா என்று அவன் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு அன்றைய சங்கத்திடம் பதில் இல்லை. எம்.சி. ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள் வேலைக்குத் திரும்புவதை ஆதரித்தார்கள். நிர்வாகம் இந்தப் பிளவில் லாபம் பார்த்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றை ஒன்று ரத்து செய்வதில்லை.

எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்தவன் வீட்டிலும் உலை வைக்கவில்லை. தன் சாப்பாட்டு நேரத்துக்காகவும் மேஸ்திரியின் அடிக்கு எதிராகவும் கட்டிய சங்கம் கண்ணெதிரே உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் போலீஸ் பாதுகாப்போடு ஒரு கூட்டம் வாயிலுக்குள் போவதைத் தெருவோரம் நின்று பார்ப்பவனின் கோபம், கைக்கு எட்டாத கம்பெனியை விட்டுவிட்டு, கைக்கு எட்டிய குடிசையின் மேல் திரும்பிற்று.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அதன்பின் இரண்டு மூன்று மாதம் கல்வீச்சும் தீவைப்பும் பதிலடியும் தொடர்ந்தன. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் போலீஸ் துப்பாக்கி மறுபடி வெடித்தது, உயிர்கள் போயின. வீடிழந்த ஆதிதிராவிடர்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் போட்டது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. இதற்குள் அரசியலும் புகுந்துவிட்டது. ஒத்துழையாமை இயக்கம் ஒரு பக்கம். ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்களோ, ஆதிதிராவிடருக்காக ஏற்பட்ட தொழிலாளர் துறை அலுவலகம் அவர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுகிறது என்று அரசையே குற்றம்சாட்டினார்கள். பார்ப்பனரல்லாதார் ஒற்றுமை பேசிய கட்சிக்குள் தங்களுக்கு இடம் எவ்வளவு என்பது எம்.சி. ராஜாவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் அப்போது தெரிந்துபோயிற்று. 1923-ல் அவர் கட்சியை விட்டு வெளியேறியதற்குப் பின்னால் புளியந்தோப்பின் புகையும் உண்டு. தமிழக அரசியலின் நூறாண்டுக் கதையில் ஒரு முக்கியமான விரிசல் இந்தச் சில தெருக்களுக்குள் விழுந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

திரு.வி.க. தம் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் அந்த நாட்களை எழுதியிருக்கிறார். அன்றைய கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை நாடுகடத்தப்போவதாக எச்சரித்த காலம் அது. சமரசமும் சன்மார்க்கமும் பேசியவர். பிளவு அவரை உள்ளுக்குள் வருத்தியிருக்கிறது. அந்த நூலைப் படிக்காமல் இந்தச் சாலையைப் பற்றி யாரும் எழுதக் கூடாது. அதை மட்டும் படித்துவிட்டும் எழுதக் கூடாது. அது சங்க மேடையிலிருந்து பார்த்த காட்சி. எரிந்த குடிசையிலிருந்து பார்த்தவர்களுக்கு ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ எழுதும் வசதி வாய்க்கவில்லை. இரு தரப்பையும் அரசுக் கோப்புகளிலிருந்து பொறுமையாகத் தோண்டியவர்களில் நான் முதலில் சொல்வது ஆய்வாளர் தி. வீரராகவனை. பார்வையை இழந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்தார். ஆவணக்காப்பகத் தாள்களைப் பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டே சென்னைத் தொழிலாளர் வர்க்கம் உருவான வரலாற்றை முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். 2009-ல் அவர் மறைந்தபின், 2013-ல் அது நூலாக வந்தது.

ஞாபகம் ஏன் இப்படிப் பங்கு பிரிந்தது? சங்கத்துக்கு ஆண்டுவிழா உண்டு, கொடி உண்டு, மே தினம் உண்டு. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் இதே நகரத்தில். ஆண்டுதோறும் சொல்லப்படும் கதை மழுங்காது. 1921-க்கு ஆண்டுவிழா எடுக்க ஆள் இல்லை. தீவைத்த தரப்பின் வாரிசுகளுக்குச் சொல்ல வாய் வராது. பறிகொடுத்தவர்களின் வாரிசுகளோ பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள், அதே ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவனிடம் பாட்டன் காலத்துத் தீயைப் பற்றிக் கேட்பானேன்? நெருக்கமாக வாழ்கிறவர்களுக்கு மறப்பதும் ஒரு வீட்டு வேலை மாதிரி ஆகிவிடுகிறது. தலித் வரலாற்றை எழுத வந்த தலைமுறைதான் புளியந்தோப்பு 1921-ஐ மறுபடி அச்சில் ஏற்றியது.

பின்னால் வந்த காலம் இந்தப் பிளவை மூடவும் முயன்றது. 1946-ல் சங்கத் தலைவரானவர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்தவர், இலங்கையின் சமசமாஜக் கட்சியில் வளர்ந்த டிராட்ஸ்கியவாதி. யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய மனைவி கரோலின் இலங்கை இடதுசாரித் தலைவர் பிலிப் குணவர்த்தனாவின் தங்கை. சிங்களக் குடும்பத்துப் பெண் வடசென்னைத் தொழிலாளர் நடுவே வாழ்வைக் கழித்தது, எந்த நாவலாசிரியனுக்கும் இன்னும் தோன்றாத கதை. 1947-ல் இவர் தலைமையில் பின்னித் தொழிலாளர் சுமார் 100 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுதந்திரம் வாசல்படியில் நிற்கிறது, ஆட்சியில் ஓமந்தூராரின் காங்கிரஸ் அமைச்சரவை. தலைவரைக் கைது செய்து நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள், முதுமையடைந்துவிட்ட திரு.வி.க.வை வீட்டுக் காவலில் வைத்தார்கள். வெள்ளைக்கார கவர்னர் மிரட்டியதோடு விட்டதை நம்மவர்கள் செய்து முடித்தார்கள். 1957-ல் வடசென்னை மக்கள் அந்தோணிப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள்.

போராட்டமே வாழ்க்கையாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மில் தன் தொழிலாளருக்கு மாதிரிக் குடியிருப்புகளும் பள்ளியும் மருத்துவ வசதியும் வைத்திருந்தது. சங்கத்தின் மேலுள்ள பிடிப்பைத் தளர்த்தத்தான் இதெல்லாம் என்று அன்றே குறை சொன்னவர்கள் உண்டு. அதே பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க அவர்களும் வரிசையில் நின்றிருப்பார்கள். பின்னியில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள். போனஸ் போடும் வாரத்தில் புரசைவாக்கம் கடைகள் நிறையும், சேட்டுக் கடையில் அடகு வைத்த தண்டட்டி வீட்டுக்கு வரும். சினிமாவுக்கு மகாலட்சுமி, புவனேஸ்வரி, மேகலா என்று நடந்து போகும் தூரத்தில் கொட்டகைகள். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலை வாசனை. ஐப்பசி, கார்த்திகையில் நல்லா நிரம்பித் தெருவுக்குள் வரும், கட்டிலின் மேல் அடுப்பைத் தூக்கி வைப்பார்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் காலம் மாற்றவே இல்லை. 2015-லும் 2021-லும் பட்டாளமும் புளியந்தோப்பும் முழங்கால் தண்ணீரில் நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தபின் புளியந்தோப்பின் குடிசைகள் பல அடுக்குக் கட்டடங்களாயின. அங்கே மேலே குடியேறியவர்கள் தங்கள் தெரு வாழ்க்கையையும் மாடிப்படியில் ஏற்றிக்கொண்டார்கள். குழாயடியும் கேரம் பலகையும் சாவுக்கு கானா பாடும் இரவும் அப்படியே தொடர்ந்தன. சரிந்தது மில்தான். விசைத்தறித் துணியோடு போட்டி, பழைய இயந்திரங்கள், கடன், இடையிடையே மூடலும் திறப்பும் என்று இழுத்துக்கொண்டிருந்து, 1996-ல் ஒரேயடியாக நின்றது. சங்கு நின்ற ஊரில் ஓய்வுபெறும் வயதுக்கு முன்பே ஓய்வுபெற்ற ஆண்கள் திண்ணையில் பெருகினார்கள். நிலுவைத் தொகைக்கு அலைந்த கதைகளை இங்கே நான் எழுத வேண்டியதில்லை, இந்த மலரை வாங்கும் வீடுகளிலேயே அவை இருக்கின்றன. காலியான ஆலைக் கொட்டகைகளுக்குள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். வில்லனின் கோட்டையாகவும், எரியும் கிடங்காகவும், சில படங்களில் வேறு ஊரின் தெருவாகவும் பின்னி மில் பத்திருபது வருடம் திரையில் வந்தது. வாழ்நாளெல்லாம் உள்ளே நூல் நூற்றவர் அங்கே கதாநாயகன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வதைப் பார்த்து, அது எந்த டிபார்ட்மென்ட் என்று பேரனுக்குச் சொல்லியிருப்பார். பிறகு நிலம் கைமாறி அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. மெட்ரோ ரயிலின் மாதவரம்–சிப்காட் தடத்தில் ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பாரக்ஸ் சாலை என்று சுரங்க நிலையங்கள் தோண்டுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பேட்டைப் பெயர்கள் பூமிக்கடியில் இன்னொரு சுற்று வாழும்.

இந்த வேளையில் மலர் வெளியிடுவதோடு நிற்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மில்லில் கடைசி வரை இருந்தவர்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் டோக்கன், சந்தா ரசீது, பணிச் சான்று, வைப்புநிதிச் சீட்டு, மில் கொடுத்த பள்ளிப் பரிசுப் புத்தகம் எல்லாம் கிடக்கும். படம் எடுத்து வைக்கப் பெரிய செலவில்லை. அவற்றோடு ஒரு வரைபடமும் வேண்டும். 1921-ல் எந்தெந்தச் சேரிகள் எரிந்தன, அங்கிருந்தவர்கள் வியாசர்பாடியில் எங்கே போய் இறங்கினார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்பதை இன்றைய தெருப் பெயர்களோடு குறிக்கும் வரைபடம். அரசுக் கோப்புகள் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தெருவோடு பொருத்திக் காட்ட, கன்னிகாபுரத்திலும் வியாசர்பாடியிலும் உள்ள முதியவர்கள் வேண்டும். செல்வபதி செட்டியாரின் கடை எங்கே இருந்தது என்று காட்ட ஆள் கூட்டிவரும்போது, அந்த வரைபடத்துக்கும் சேர்த்து ஆள் கூட்டி வரலாம்.